ஏரோபாட்டிக் ஆர்.சி. விமானத்துக்கு ரேட், எக்ஸ்போ செட் செய்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெங்களூருக்கு வெளியே ஞாயிறு காலையில் ரேடியோவால் இயக்கும் (ஆர்.சி.) மாடல் விமானம் விடும் நம்மவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இவை. கேள்விகள் கேட்டவர் வாக்கிலேயே இருக்கின்றன. எல்லாமே 1 முதல் 2 மீட்டர் இறக்கை வீச்சுள்ள எலெக்ட்ரிக் ஏரோபாட்டிக் மாடல்களையும், எலிவேட்டரும் (மூக்கை ஏற்றி இறக்கும் வால் பரப்பு) எய்லரானும் (விமானத்தை உருட்டும் இறக்கைப் பரப்பு) வலது ஸ்டிக்கில் இருக்கும் மோட் 2 ரேடியோவையும் மனதில் வைத்து எழுதியவை. ஃபோம் மாடலுக்கும் பால்சா மாடலுக்கும் கணக்கு ஒன்றுதான்.

"டூயல் ரேட், எக்ஸ்போ... ரெண்டும் கன்ட்ரோலைக் கம்மி பண்றதுதானே? எதுக்கு ரெண்டு?"

ரேட் என்பது எல்லை. ஸ்டிக்கைக் கடைசிவரை தள்ளினால் எலிவேட்டர் எத்தனை டிகிரி திரும்பும் என்பதை அது முடிவு செய்கிறது. எக்ஸ்போ அந்த எல்லையைத் தொடுவதில்லை. நடுவிலிருந்து எல்லைவரை போகிற வழியை வளைக்கிறது: நடுவில் மெதுவாக, ஓரத்தில் வேகமாக.

ரேட்டை 50 சதவீதமாக இறக்கினால் முழு ஸ்டிக்கிலும் பாதி அசைவுதான் கிடைக்கும். சுழன்று விழும் ஸ்பின்னிலிருந்து மீட்க முழு ரட்டர் (மூக்கை இடம் வலமாகத் திருப்பும் செங்குத்து வால் பரப்பு) தேவைப்படும் நேரத்திலும் அதே பாதிதான். எக்ஸ்போ 50 போட்டால் நடுவில் விரல் நடுங்கினாலும் விமானம் நடுங்காது, முழு அசைவும் ஓரத்தில் காத்திருக்கும்.

"மேனுவல்ல லோ ரேட் 60%, ஹை ரேட் 100%னு போட்டிருக்கு. அதையே போட்டா போதாதா?"

மேனுவலில் டிகிரியோ மில்லிமீட்டரோ இருந்தால் அதை எடுத்துக்கொள்ளுங்கள். சதவீதம் மட்டும் இருந்தால் தூக்கிப் போடுங்கள். உங்கள் சர்வோ (பரப்பை அசைக்கும் சின்ன மோட்டார்) ஆர்மின் எந்த ஓட்டையில் புஷ்ராட் (தள்ளுகம்பி) இருக்கிறது, பரப்பில் பொருத்திய ஹார்னின் எந்த ஓட்டையில் இருக்கிறது, அந்த சர்வோ 100 சதவீதத்தில் எவ்வளவு திரும்புகிறது என்று தெரியாமல் 60 சதவீதம் என்பதற்குப் பொருளே கிடையாது. ஒரே மாடலில் ஒருவருக்கு 60 சதவீதம் 12 டிகிரியாகவும், ஆர்மின் வெளி ஓட்டையில் மாட்டிய இன்னொருவருக்கு 25 டிகிரியாகவும் வரும். பக்கத்துப் பையன் "நான் 60தான் வச்சிருக்கேன், சூப்பரா போகுது" என்று சொல்வதையும் இதே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

"டிகிரியை எப்படி அளக்கறது? மீட்டர் வாங்கணுமா?"

வாங்கினால் நல்லது. காந்தம் வைத்த டிஜிட்டல் ஆங்கிள் கேஜ் எஸ்.பி. ரோட்டுப் பக்கம் கருவி விற்கும் கடைகளில் கிடைக்கும், ஆன்லைனிலும் கிடைக்கும். அதை எலிவேட்டர்மேல் ரப்பர் பேண்டில் கட்டி, நடுநிலையில் பூஜ்யம் வைத்து, ஸ்டிக்கை முழுக்க இழுத்துப் படியுங்கள். சின்ன ஃபோம் மாடலில் கேஜின் எடையே பரப்பை வளைத்துவிடும். அங்கே ஸ்கேல்தான் சரி.

ஸ்கேலில் அளக்க, அசையும் பரப்பின் அகலம் தெரிய வேண்டும். கீலிலிருந்து பின்விளிம்புவரை அளங்கள். அது 60 மி.மீ. என்றால், பின்விளிம்பு நேர்கோட்டில் 12.5 மி.மீ. நகர்ந்தால் 12 டிகிரி, 21 மி.மீ. நகர்ந்தால் 20 டிகிரி, 31 மி.மீ. என்றால் 30 டிகிரி, 46 மி.மீ. என்றால் 45 டிகிரி. அகலம் 90 மி.மீ. என்றால் எல்லாவற்றையும் ஒன்றரையால் பெருக்கிக்கொள்ளுங்கள். எப்போதும் பரப்பின் மிக அகலமான இடத்தில், அதே இடத்தில் அளக்க வேண்டும். எலிவேட்டர் முனையில் ஒரு நாளும் அடியில் ஒரு நாளும் அளந்தால் இரண்டு எண்ணும் ஒத்துப்போகாது.

"முதல்ல ரேடியோவுல ஆரம்பிக்கணுமா, லிங்கேஜ்லயா?"

லிங்கேஜில், அதாவது சர்வோவைப் பரப்போடு இணைக்கும் ஆர்ம், புஷ்ராட், ஹார்ன் அமைப்பில். முக்கால்வாசித் தொல்லை இங்கேதான் பிறக்கிறது. ரேடியோவில் அதை மறைக்க மட்டும்தான் முடியும்.

ஒரு கணக்கு பாருங்கள். சர்வோ ஆர்ம் 25 மி.மீ., ஹார்ன் 25 மி.மீ. சர்வோ 45 டிகிரி திரும்பினால் எலிவேட்டரும் 45 டிகிரி திரும்பும். நீங்கள் ஹோவர் (மூக்கு மேலே பார்க்க ஒரே இடத்தில் தொங்குவது) செய்வதில்லை. லூப், ரோல், ஸ்டால் டர்ன் (செங்குத்தாக ஏறி உச்சியில் ரட்டரால் திரும்பி இறங்குவது), கொஞ்சம் நைஃப் எட்ஜ் (இறக்கை செங்குத்தாக நிற்க ஒருக்களித்துப் பறப்பது), அவ்வளவுதான். உங்களுக்கு 25 டிகிரிக்கு மேல் தேவையே இல்லை. அதனால் ரேடியோவில் ரேட்டை 55 சதவீதத்துக்கு இறக்குகிறீர்கள். இப்போது சர்வோ தன் ஓட்டத்தில் பாதியைத்தான் பயன்படுத்துகிறது. அதன் படிகளில் பாதி வீண். கியர் பல்லில் உள்ள அரை டிகிரி ஆட்டம் அப்படியே அரை டிகிரியாக எலிவேட்டரில் தெரியும். 10 கிலோ-செ.மீ. சர்வோ எலிவேட்டரிலும் 10 கிலோ-செ.மீ. விசைதான் தரும்.

அதே புஷ்ராடை ஆர்மில் 15 மி.மீ. ஓட்டைக்கு உள்ளே தள்ளுங்கள், ஹார்ன் 25 மி.மீ.யிலேயே இருக்கட்டும். சர்வோ முழு 45 டிகிரி திரும்பும்போது எலிவேட்டர் சரியாக 25 டிகிரி திரும்பும். ரேடியோவில் 100 சதவீதம். ஆட்டம் அரை டிகிரியிலிருந்து 0.3 ஆகக் குறையும். எலிவேட்டரில் கிடைக்கும் விசை நடுப்பகுதியில் 16 கிலோ-செ.மீ.யைத் தாண்டும். காசு செலவில்லாமல் பெரிய சர்வோ வாங்கிய மாதிரி. ஆகவே விதி இதுதான்: நீங்கள் உண்மையில் பயன்படுத்தப்போகும் மிகப் பெரிய டிகிரி எதுவோ, அது 100 சதவீதத்தில் கிடைக்கும்படி ஓட்டைகளைத் தேர்ந்தெடுங்கள். லோ ரேட்டை மட்டும் ரேடியோவில் இறக்குங்கள்.

"ஆர்ம் சரியா 90 டிகிரில நிக்க மாட்டேங்குது. சப்-ட்ரிம்ல இழுத்து வச்சுக்கலாமா?"

சப்-ட்ரிம் என்பது ரேடியோவில் சர்வோவின் நடுநிலையை நகர்த்துவது. கொஞ்சம் இழுக்கலாம். ஆனால் அதற்கு முன் ஆர்மைக் கழற்றி வேறு கையை முயன்று பாருங்கள். 25 பல் உள்ள சர்வோவில் ஒரு பல் தள்ளினால் 14.4 டிகிரி மாறும். அது ரொம்ப அதிகம். ஆனால் நான்கு கை உள்ள ஆர்மைக் கால் சுற்றுத் திருப்பி மாட்டினால் 25 பல் நான்கால் வகுபடாது, அதனால் ஒவ்வொரு கையும் மற்றதிலிருந்து 3.6 டிகிரி விலகி நிற்கும். நான்கில் ஒன்று ஏறக்குறைய நேராக நிற்கும். அந்தக் கையை வைத்துக்கொண்டு மற்ற மூன்றையும் வெட்டிவிடலாம். 24 பல் சர்வோவில் இந்த வித்தை பலிக்காது, நான்கு கையும் ஒரே கோணத்தில்தான் நிற்கும்.

மீதியை மட்டும் சப்-ட்ரிம்மில் சரி செய்யுங்கள். சப்-ட்ரிம்மை அதிகம் ஏற்றினால் ஒரு பக்கம் அசைவு சீக்கிரம் முடிந்து, மேலும் கீழும் சமமில்லாமல் போகும். அதேபோல ஹார்ன் ஓட்டை கீல் கோட்டுக்கு நேர்மேலே இருக்க வேண்டும். பின்னால் தள்ளி இருந்தால் மேல் அசைவுக்கும் கீழ் அசைவுக்கும் வித்தியாசம் வரும்.

"எண்ட் பாயின்ட்டும் ரேட்டும் ஒரே வேலையைத்தானே செய்யுது?"

எண்ட் பாயின்ட் இயந்திரத்துக்கான வேலி. மேல் 25, கீழ் 25 என்று சமப்படுத்தவும், சர்வோ முட்டிக்கொள்ளாமல் தடுக்கவும் அதை ஒருமுறை வைத்துவிட்டு மறந்துவிட வேண்டும். ரேட் விமானிக்கானது, அந்த வேலிக்குள் எவ்வளவு வேண்டும் என்பது. அசைவைக் குறைக்க எண்ட் பாயின்ட்டைத் தொட்டால் எல்லா ரேட்டும் சேர்ந்து மாறிவிடும்.

இரண்டு எலிவேட்டர் சர்வோ இருந்தால் இரண்டு பாதியையும் நடுநிலை, பாதி ஸ்டிக், முழு ஸ்டிக் என மூன்று இடத்தில் ஒப்பிட்டுப் பாருங்கள். முழு ஸ்டிக்கில் மட்டும் பொருந்தி, பாதியில் ஒரு டிகிரி விலகினால், லூப் மேலே போகும்போதே விமானம் மெல்ல உருளும். காரணம் புரியாமல் எய்லரான் ட்ரிம்மை (ஸ்டிக்கைத் தொடாமலே நேராகப் பறக்க வைக்கும் சின்னத் திருத்தம்) தேடிக்கொண்டிருப்பீர்கள்.

"சரி, ஆரம்பத்துக்கு எத்தனை டிகிரி வைக்கறது? ஒரு நம்பர் சொல்லுங்க."

லோ ரேட்: எலிவேட்டர் 12, எய்லரான் 18, ரட்டர் 25. மிட் ரேட்: எலிவேட்டர் 22, எய்லரான் 25, ரட்டர் 35. ஹோவர், ஹாரியர் (மூக்கைத் தூக்கிக்கொண்டு மெதுவாக ஊர்வது), வால் சுழற்றும் விளையாட்டெல்லாம் வேண்டுமென்றால் ஹை ரேட்: எலிவேட்டர் 45, எய்லரான் 32, ரட்டர் 45. இவை தொடக்க எண்கள்தான், பத்துப் பறப்புக்குப் பிறகு இப்படியே இருக்காது.

ரட்டர் எண்களை யாரும் குறைக்காதீர்கள். ஸ்டால் டர்னுக்கும் நைஃப் எட்ஜுக்கும் அதுதான் உயிர். நடுவில் துறுதுறுவென்று இருந்தால் எக்ஸ்போவைக் கூட்டுங்கள்.

"எக்ஸ்போ ப்ளஸ்ல போடணுமா மைனஸ்லயா? ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க."

இரண்டு பேர் சொல்வதும் சரி, ரேடியோதான் வேறு. ஸ்பெக்ட்ரமிலும் எட்ஜ்டிஎக்ஸ் மென்பொருள் ஓடும் ரேடியோக்களிலும் ப்ளஸ் போட்டால் நடு மென்மையாகும். ஃபுடாபாவில் மைனஸ் போட வேண்டும். ஒரு ரேடியோவிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது பழைய எண்ணைக் குறியோடு அப்படியே எழுதி, முதல் டேக்-ஆஃபிலேயே விமானத்தை இழப்பது இன்னும் நடக்கிறது. தப்பான குறி போட்டால் நடுவில் ஸ்டிக்கைத் தொட்டாலே பரப்பு பாய்ந்துவிடும்.

குறியை நம்பாதீர்கள், கண்ணால் பாருங்கள். எக்ஸ்போ பூஜ்யத்தில் வைத்து ஸ்டிக்கைக் கால்பங்கு தள்ளிப் பரப்பைக் கவனியுங்கள். பிறகு எக்ஸ்போ 60 போட்டு அதே கால்பங்கு. பரப்பு முன்னைவிடக் குறைவாக அசைந்தால் குறி சரி.

"எக்ஸ்போ எவ்வளவு? எல்லா ரேட்டுக்கும் 30 போட்டா ஆகாதா?"

ஆகாது. ஸ்விட்சைத் தட்டினதும் வேறு விமானம் ஓட்டுவது போல ஆகிவிடும். எட்ஜ்டிஎக்ஸில் எக்ஸ்போ கணக்கு எளிது: நடுப்பகுதியின் கூர்மை, முழு டிகிரியை எக்ஸ்போ போக மீதியால் பெருக்கினால் வரும். லோ ரேட் 12 டிகிரி, எக்ஸ்போ 25 என்றால் 12 பெருக்கல் 0.75, அதாவது 9. ஹை ரேட் 45 டிகிரிக்கு நீங்கள் கேட்ட 30 போட்டால் 31 வரும். நடுவில் மூன்று மடங்குக்கு மேல் முரட்டுத்தனம். ஹை ரேட்டுக்கு 70 போட்டால் 13.5. மிட் ரேட் 22 டிகிரிக்கு 45 போட்டால் 12. மூன்றும் கைக்குக் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும். மற்ற ரேடியோக்களில் வளைவு சற்று மாறலாம், ஆனால் ஒப்பீட்டுக்கு இந்தக் கணக்கு போதும்.

இதற்கு ஒரு விலை உண்டு. 45 டிகிரியில் எக்ஸ்போ 70 என்றால், பாதி ஸ்டிக்கில் 11 டிகிரிகூட வராது. முக்கால் ஸ்டிக்கில் 23. மீதி 22 டிகிரி முழுவதும் கடைசிக் கால்பங்கில் குவிந்திருக்கும். ஹோவரில் இது பிரச்சினை இல்லை, அங்கே விரல் ஓரத்துக்கும் நடுவுக்கும் அடித்து அடித்து ஓடும். ஆனால் லோ ரேட்டில் 70 போட்டால் வேறு கதை: பாதி ஸ்டிக் இழுத்தாலும் 3 டிகிரி வராது. தரைக்கு அருகில் மூக்கு எழவில்லையே என்று இன்னும் இழுப்பீர்கள், திடீரென்று எழும். "எக்ஸ்போ போட்டதும் விமானம் மந்தமாயிடுச்சு, அப்புறம் குதிக்குது" என்று சொல்பவர்கள் எல்லோரும் இந்தக் குழியில் விழுந்தவர்கள்.

"மூணு கன்ட்ரோலுக்கும் தனித்தனி ஸ்விட்சா, ஒரே ஸ்விட்சா?"

ஒரே மூன்று நிலை ஸ்விட்ச். பழைய ரேடியோக்களில் தனித்தனியாக இருந்ததால் சிலர் அப்படியே பழகிவிட்டார்கள். சட்டென்று சுருளும் ஸ்னாப் ரோலுக்கு எலிவேட்டரை மட்டும் மாற்றும் போட்டியாளருக்கு அது பயன்படும். மற்றவர்களுக்கு, மூன்றில் ஒன்றைத் தட்ட மறப்பதுதான் மிச்சம். எந்த மாடலிலும் ஸ்விட்ச் ஒரே திசையில் இருக்கட்டும், எதிரே தள்ளினால் லோ, தன்பக்கம் இழுத்தால் ஹை என்பது மாதிரி. கண்ணை விமானத்திலிருந்து எடுக்காமல் விரலுக்கே தெரிய வேண்டும்.

"பறக்கும்போது ஸ்விட்சைத் தட்டினேன், மூக்கு சட்டுனு குதிச்சுது. ரேடியோ கோளாறா?"

இல்லை. எலிவேட்டரைப் பிடித்துக்கொண்டே தட்டியிருப்பீர்கள். அரை ஸ்டிக்கில் 5 டிகிரியாக இருந்தது நொடிக்குள் 11 ஆகிறது. நேராக, மட்டமாகப் பறக்கும்போது, ஸ்டிக் நடுவில் இருக்கும்போது மட்டும் தட்டுங்கள். ஸ்டிக் நடுவிலேயே இருந்தும் மூக்கு குதித்தால் அது வேறு வியாதி, ட்ரிம் பற்றிய கேள்வியைப் பாருங்கள்.

"முதல் பறப்பு எந்த ரேட்ல? லோதானே பத்திரம்?"

டேக்-ஆஃப் லோ ரேட்டில் சரி. இறங்குவது மிட் ரேட்டில். பரப்பின் வலு வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது: வேகம் பாதியானால் வலு கால்பங்காகும். முழு வேகத்தில் போதும்போதும் என்றிருந்த 12 டிகிரி எலிவேட்டர், இறங்கும்போது முழுக்க இழுத்தாலும் மூக்கைத் தூக்காமல் போகலாம். புரொப்பெல்லர் உடைவதும் லேண்டிங் கியர் பிடுங்கிக்கொண்டு போவதும் பெரும்பாலும் இப்படித்தான். முதல் பறப்பில் உயரத்தில் ஒருமுறை த்ராட்டிலை மூடி, மிட் ரேட்டில் மெதுவாக இழுத்து ஸ்டால் (இறக்கை தூக்குவிசையை இழப்பது) வரை கொண்டுபோய்ப் பாருங்கள். மூக்கு கடைசிவரை பேச்சைக் கேட்டால் அந்த ரேட் இறங்கப் போதும்.

"லோ ரேட்லகூட எலிவேட்டர் துள்ளுது. இன்னும் குறைக்கட்டுமா?"

குறைக்காதீர்கள். எலிவேட்டர் 10 டிகிரியிலும் துள்ளினால் நோய் வேறிடத்தில் இருக்கிறது, பெரும்பாலும் சி.ஜி. (எடை மையம்) பின்னால் போயிருக்கும். லேசான பேட்டரியை மாற்றிப் போட்டிருக்கலாம், வால் பக்கம் பசையும் டேப்பும் சேர்ந்திருக்கலாம். மேனுவல் சொன்ன வரம்பின் முன்னோரத்தில் வைத்து ஒருமுறை பறந்து பாருங்கள்.

பிறகு இந்தச் சோதனை: முழு த்ராட்டிலில் 45 டிகிரி ஏற்றத்தில் போங்கள், அரை ரோல் அடித்துத் தலைகீழாக்கி ஸ்டிக்கை விடுங்கள். கோட்டிலேயே கொஞ்ச தூரம் போய் மெல்லத் தரைப்பக்கம் வளைந்தால் நல்ல சி.ஜி. உடனே தரைப்பக்கம் விழுந்தால் மூக்கு கனம். தானாக வானப்பக்கம் ஏறினால் வால் கனம், பேட்டரியை 5 மி.மீ. முன்னே தள்ளுங்கள். சி.ஜி. சரியாக இருந்தும் துள்ளினால் கிளெவிஸ் (புஷ்ராடின் நுனிக் கொக்கி) ஓட்டையையும் கீலையும் பாருங்கள். ரேடியோவை ஆன் செய்து, சர்வோ அசையாமல் நிற்கும்போது எலிவேட்டரை விரலால் ஆட்டுங்கள். பின்விளிம்பு ஒரு மில்லிமீட்டருக்கு மேல் ஆடினால் எந்த எக்ஸ்போவும் அதை மறைக்காது.

"லூப்ல கொஞ்சம் இறுக்கி இழுத்தா பக்கவாட்டில சுருண்டுடுது."

அது வேகமான ஸ்டால். இறக்கை தாங்கக்கூடிய கோணத்துக்கு மேல் எலிவேட்டர் இழுக்கிறது. ஒரு இறக்கை முதலில் விட்டுக்கொடுக்க, விமானம் ஸ்னாப் ஆகிறது. லோ ரேட் எலிவேட்டரின் உண்மையான எல்லையை இதை வைத்தே கண்டுபிடிக்கலாம். உயரத்தில், வழக்கமான வேகத்தில், லோ ரேட்டில் முழு எலிவேட்டர் இழுங்கள். சுருண்டால் இரண்டு டிகிரி குறையுங்கள். மறுபடி இழுங்கள். சுருளாமல் இறுக்கமான வட்டம் போடும் எண்தான் உங்கள் லோ ரேட். கீழ்நோக்கித் தள்ளியும் பாருங்கள்.

இதற்கு உயரம் வேண்டும், 50 மீட்டராவது. 2021 ட்ரோன் விதிகளின்படி, முன் அனுமதி தேவைப்படாத பச்சை மண்டலத்தில் 120 மீட்டர் வரை போகலாம், இயங்கும் விமானநிலைய எல்லையிலிருந்து 8 முதல் 12 கி.மீ.க்குள் 60 மீட்டர்தான். ஜக்கூர், எலஹங்கா, எச்.ஏ.எல்., தேவனஹள்ளி என்று நம் ஊரைச் சுற்றி விமானதளங்கள். மைதானத்தை அரசின் டிஜிட்டல் ஸ்கை வான்வெளி வரைபடத்தில் பார்த்துவிட்டுப் போங்கள்.

"ரோல் எவ்வளவு வேகமா இருக்கணும்? நடுவுல திருகிக்கிட்டே போகுது வேற."

லோ ரேட்டில் முழு எய்லரானுக்கு மூன்று ரோல் 4 முதல் 5 நொடி. போனில் வீடியோ எடுத்து எண்ணுங்கள். அதைவிட வேகமாக இருந்தால் நான்கு முனை ரோலில் நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்த முடியாது.

ரோல் நேர்கோட்டில் போகாமல் திருகுசுருளாகப் போனால் எய்லரானின் மேல் அசைவும் கீழ் அசைவும் சமமா என்று முதலில் அளக்கவும். மேலும் கீழும் ஒரே வளைவுள்ள இறக்கையில் டிஃபரன்ஷியல் (எய்லரானின் கீழ் அசைவை மேல் அசைவைவிடக் குறைப்பது) பூஜ்யத்தில்தான் தொடங்க வேண்டும். பயிற்சி விமானத்துக்குப் போடும் 30, 40 சதவீதம் இங்கே கெடுதல்.

"ஹை ரேட்ல ஃபுல் த்ராட்டில் போட்டு டைவ் அடிச்சா என்ன ஆகும்?"

நல்லது எதுவும் ஆகாது. ஹை ரேட்டுக்காக நீண்ட ஆர்ம் போட்டிருக்கிறீர்கள், அதனால் பரப்பில் கிடைக்கும் விசை குறைவு, ஆட்டம் அதிகம். லிங்கேஜ் கேள்வியில் பார்த்த கணக்கேதான், தலைகீழாக. வேகத்தில் பரப்பு படபடக்கத் தொடங்கினால் ஒரு நொடியில் கீல் பிய்ந்துவிடும். படபடக்காவிட்டாலும் காற்று பரப்பை அழுத்தி சர்வோவைத் தோற்கடிக்கும். 45 டிகிரி கேட்டால் 20 கிடைக்கும், சர்வோ முழு மின்சாரத்தையும் இழுத்துக்கொண்டு நிற்கும். ஈ.எஸ்.சி.க்குள் (மோட்டார் வேகக் கட்டுப்படுத்தி) இருக்கும் 3 ஆம்பியர் பி.இ.சி. (ரிசீவருக்கும் சர்வோவுக்கும் மின்சாரம் தருவது) நான்கு மெட்டல் கியர் டிஜிட்டல் சர்வோவுக்குத் தாங்காது. வோல்டேஜ் சரிந்தால் ரிசீவர் அணைந்து எழும்.

தரையிலேயே ஒரு சோதனை: ஹை ரேட்டில் எல்லா ஸ்டிக்கையும் மூலையில் பிடித்து, காதைக் கொடுத்துக் கேளுங்கள். சர்வோ ரீங்காரம் போட்டுக்கொண்டே இருந்தால் எங்கோ முட்டுகிறது. எலிவேட்டர் ரட்டரில் இடிக்கலாம், ஹார்ன் வாலில் இடிக்கலாம். எண்ட் பாயின்ட்டை ரீங்காரம் நிற்கும்வரை குறையுங்கள்.

"சென்னையில செட் பண்ணின ப்ளேன். பெங்களூர் கொண்டுவந்தா லேண்டிங் வேகமா வருது. ரேட் மாத்தணுமா?"

மாற்ற வேண்டாம். பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல். காற்றின் அடர்த்தி சென்னையைவிட எட்டு ஒன்பது சதவீதம் குறைவு. அதே எடையைத் தாங்க விமானம் 4, 5 சதவீதம் வேகமாக ஓட வேண்டும். அந்த வேகத்தில் பரப்புகளின் வலு பழையபடியே இருக்கும், அதனால் டிகிரி மாறாது. நீங்கள் பார்க்கிற வித்தியாசம் தரைவேகம்தான். இறங்கும் பாதையைச் சற்று நீட்டிக்கொள்ளுங்கள்.

ஹோவர் மட்டும் வேறு. அதே சுற்றுக்குப் புரொப்பெல்லர் தள்ளும் விசையும் அதே எட்டு ஒன்பது சதவீதம் குறையும், கைக்குத் த்ராட்டில் கொஞ்சம் கூடுதலாகப் போகும். மோட்டாரும் ஈ.எஸ்.சி.யும் இடம் கொடுத்தால் ஒரு அளவு பெரிய புரொப்பெல்லர் போடலாம். வாட்மீட்டரில் பார்த்துவிட்டுப் போடுங்கள்.

"ஜூன், ஜூலைல மேற்குக் காத்து அடிக்குது. ரேட்டைக் குறைச்சா ஆடாம போகுமா?"

ஆட்டுவது காற்று, உங்கள் விரல் இல்லை. ரேட்டைக் குறைத்தால் திருத்தும் சக்திதான் குறையும். மிட் ரேட்டிலேயே இருங்கள், காலை எட்டுக்குள் பறந்து முடியுங்கள்.

"கைரோ ரிசீவர் இருக்கு. லோ ரேட் போட்டாலும் எய்லரான் வெடவெடன்னு நடுங்குது."

கைரோ (விமானம் ஆடுவதை உணர்ந்து தானே திருத்தும் கருவி) உங்கள் ரேட்டைக் கேட்பதில்லை. ரேட் ரேடியோவில் நடப்பது, கைரோ ரிசீவருக்குள் இருந்து பரப்பை நேரடியாக அசைப்பது. லிங்கேஜ் 45 டிகிரிக்கு வைத்திருந்தால் கைரோவின் ஒவ்வொரு சின்னத் திருத்தமும் பரப்பில் பெரிதாக விழும். விமானம் அளவுக்கு மேல் திரும்ப, கைரோ எதிர்ப்பக்கம் திருத்த, நடுக்கம். முழு வேகத்தில் நடுக்கம் நிற்கும்வரை கெயினை, அதாவது கைரோ திருத்தும் அளவை, குறையுங்கள். ரேட், எக்ஸ்போ, சி.ஜி. எல்லாவற்றையும் கைரோவை அணைத்துவிட்டு முடித்த பிறகுதான் கெயினைத் தொட வேண்டும். இல்லாவிட்டால் வால் கனத்தைக் கைரோ மறைத்து வைத்திருக்கும், நீங்கள் அணைக்கும் அன்று தெரியும்.

"நைஃப் எட்ஜ் மிக்ஸ் லோ ரேட்ல கச்சிதம். மிட் ரேட்டுக்குப் போனா கெட்டுப்போகுது. ஏன்?"

மிக்ஸ் (ஒரு கன்ட்ரோலை அசைத்தால் இன்னொன்றையும் தானே அசைப்பது) எங்கிருந்து எண்ணை எடுக்கிறது என்பதைப் பொறுத்தது. ரட்டர் தள்ளும்போது விமானம் வயிற்றுப்பக்கம் போகிறது என்று கொஞ்சம் எலிவேட்டர் சேர்த்திருப்பீர்கள். எட்ஜ்டிஎக்ஸில் அந்த மிக்ஸுக்கு மூலமாக ரட்டர் ஸ்டிக்கையே கொடுத்திருந்தால், ரேட்டும் எக்ஸ்போவும் அதைத் தொடாது. ரட்டர் 25லிருந்து 35 டிகிரி ஆகும், எலிவேட்டர் கலப்பு பழைய அளவிலேயே நிற்கும். மூலத்தை ரட்டர் இன்புட்டாக மாற்றுங்கள், இரண்டும் சேர்ந்து ஏறி இறங்கும். மற்ற ரேடியோக்களில் சர்வோ மானிட்டரைத் திறந்து, முழு ரட்டர் பிடித்துக்கொண்டு ரேட் ஸ்விட்சைத் தட்டுங்கள். எலிவேட்டர் கோடு நகர்கிறதா இல்லையா என்பது தெரிந்துவிடும்.

எக்ஸ்போவை மாற்றினாலும் மிக்ஸை மறுபடி பறந்து பார்க்க வேண்டும். அதனால்தான் மிக்ஸ் எப்போதும் கடைசி வேலை.

"ஸ்டிக் நடுவுலதான் இருந்துச்சு, ரேட் மாத்தினதும் மூக்கு தூக்குது."

ரேட்டை ஃப்ளைட் மோடாகப் போட்டிருக்கிறீர்கள், ஒவ்வொரு மோடுக்கும் தனி ட்ரிம் ஓடுகிறது. லோவில் நான்கு க்ளிக் கீழே ட்ரிம் செய்தீர்கள், மிட்டில் அது பூஜ்யம். எல்லா மோடும் முதல் மோடின் ட்ரிம்மையே எடுத்துக்கொள்ளும்படி மாற்றுங்கள். பிறகு தரையில் கிளெவிஸைத் திருகி அந்த நாலு க்ளிக்கைப் புஷ்ராடிலேயே ஏற்றிவிட்டு ட்ரிம்மைப் பூஜ்யமாக்குங்கள்.

"அதே மாடல் வச்சிருக்கற ஃப்ரெண்டோட ஃபைலை காப்பி பண்ணிக்கலாமா?"

ஸ்விட்ச் அமைப்பு, எக்ஸ்போ, டைமர், த்ராட்டில் கட் இவற்றுக்காக எடுத்துக்கொள்ளலாம். சப்-ட்ரிம், எண்ட் பாயின்ட், சர்வோ ரிவர்ஸ், ட்ரிம் நான்கையும் அழித்துவிட்டுப் புதிதாக வையுங்கள். அவை அவருடைய சர்வோவுக்கும் அவருடைய ஆர்ம் பல்லுக்கும் சொந்தமானவை. புரொப்பெல்லரைக் கழற்றிவிட்டு, விமானத்துக்குப் பின்னால் நின்று பாருங்கள்: வலது ஸ்டிக்கை வலப்பக்கம் தள்ளினால் வலது எய்லரான் மேலே எழ வேண்டும், தன்பக்கம் இழுத்தால் எலிவேட்டர் மேலே எழ வேண்டும், இடது ஸ்டிக்கை வலப்பக்கம் தள்ளினால் ரட்டர் வலப்பக்கம் போக வேண்டும். பிறகு மூன்று ரேட்டிலும் டிகிரியை அளந்து, ஒரு துண்டு மாஸ்கிங் டேப்பில் எழுதி பேட்டரி மூடிக்கு உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். அடுத்த சர்வோ மாற்றும் நாளில் தேட வேண்டியிருக்காது.